டைனோசர் வேண்டாம், ஆடு போதும்

அழிந்துபோன விலங்குகளைக் கதைகளிலும் படங்களிலும் திரும்பக் கொண்டுவருகிறார்களே, அதில் எது நடக்கும், எது கப்சா என்று பலர் கேட்டிருந்தார்கள். விலங்கியல் பாடம் எடுத்தே காலம் தள்ளியவன், அதைவிட அதிக நாள் அறிவியல் புனைகதை படித்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: சார், நான் பிளஸ் டூ படிக்கிறேன். கொசு குடித்த ரத்தத்திலிருந்து டைனோசரை உண்டாக்க முடியுமா?

ப: முடியாது தம்பி. இந்த யோசனையைச் சொன்ன 'ஜுராசிக் பார்க்' நாவல் 1990இல் வந்தது. படித்தபோது நானும் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். மரப்பிசின் இறுகி உண்டாகும் அம்பருக்குள் கொசுவின் உருவம் அப்படியே இருக்கும். அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. அப்படி இருக்காது. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து 2012இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த எலும்புகளில் 521 வருஷத்துக்கு ஒருமுறை டி.என்.ஏ. பிணைப்புகளில் பாதி அறுந்துபோகிறது. உறைபனியில் கிடந்தால் இன்னும் தாக்குப்பிடிக்கும். கிரீன்லாந்து மண்ணிலிருந்து 20 லட்சம் வருஷப் பழைய துணுக்குகளை எடுத்திருக்கிறார்கள். ஆனால் டைனோசர்கள் போய் 6 கோடியே 60 லட்சம் வருஷம் ஆகிறது. கரையான் தின்ற பத்திரத்தில் நாலு எழுத்தாவது மிஞ்சும். மண்ணாகவே போன பத்திரத்தில் எதைப் படிப்பது?

கே: அப்படியானால் டைம் மெஷினில் போய்ப் பிடித்து வருவதுதான் வழி. ஆனால் வரலாறு மாறிவிடாதா?

ப: இதற்கு அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1952இலேயே ஒரு சாமர்த்தியம் பண்ணிவிட்டார். 'எ சவுண்ட் ஆஃப் தண்டர்' சிறுகதையில், டைனோசர் வேட்டைக்கு ஆள் கூட்டிப்போகும் கம்பெனி முதலில் ஒருவனை அனுப்பி, எந்த மிருகம் எப்படியும் சாகப்போகிறது என்று பார்த்து வைக்கும். ஒரு டி. ரெக்ஸ் டைனோசர் மேல் மரம் முறிந்து விழப்போகிறது. அதன் தோலில் சிவப்புப் பெயின்ட் அடையாளம் வைத்துவிட்டு வருவான். சாகப்போவதைச் சுட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லையே! அப்புறம் வேட்டைக்கு வந்த ஒருவன் பாதையை விட்டு இறங்கி ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்துவிட, கணக்கு தப்பிப்போகிறது. சுடாமல் தூக்கி வருவதாக இருந்தாலும் இதே விதிதான். அந்த மரத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

கே: அண்ணா, நிஜத்தில் இதுவரை எந்த விலங்காவது திரும்பி வந்திருக்கிறதா?

ப: ஒன்று வந்தது, சில நிமிஷத்துக்கு. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் உள்ள பிரனீஸ் மலைகளில் புக்கார்டோ என்று ஒரு காட்டாடு இருந்தது. நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். கடைசியாக ஒரே ஒரு பெட்டை மிஞ்சியது. செலியா என்று பேர் வைத்தார்கள். 1999இல் அதைப் பிடித்து, காதிலிருந்தும் விலாவிலிருந்தும் துளித் தோல் எடுத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்தார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி மலையிலேயே விட்டார்கள். 2000 ஜனவரியில் செலியா செத்துக் கிடந்தது. மேலே மரம் விழுந்திருந்தது!

பிராட்பரி கதையேதான். சிவப்புப் பெயின்டுக்குப் பதில் ரேடியோ பட்டை.

2003இல் அந்தத் தோல் செல்லிலிருந்து குளோன் செய்தார்கள்; அதாவது செலியாவின் அச்சு அசல் நகலாகக் கருக்களை உண்டாக்கி, வேறு ஆடுகளின் வயிற்றில் வைத்தார்கள். கரு வைத்த 57 ஆடுகளில் 7 சினைப்பட்டு, ஒன்றில் மட்டும் குட்டியை உயிரோடு எடுத்தார்கள், அதுவும் வயிற்றைக் கீறி. பார்வைக்குக் குறையில்லாத குட்டி. உள்ளே நுரையீரலில் வேண்டாத சதை ஒன்று கூடுதலாக வளர்ந்து இடத்தை அடைத்திருந்தது. நாக்கு வெளியே தள்ள மூச்சுக்குத் தவித்து, சில நிமிஷத்தில் அடங்கிவிட்டது. பிழைத்திருந்தாலும் அது பெட்டை. கிடாவுக்கு எங்கே போவது?

கே: ஒரு ஜோடியாகக் கொண்டுவந்தால் போதாதா? 'ஸ்டார் டிரெக்' நான்காம் படத்தில் இரண்டே திமிங்கிலம்தானே.

ப: 23ஆம் நூற்றாண்டில் கூன்முதுகுத் திமிங்கிலம் அழிந்துவிட்டதால், 1986க்கு வந்து இரண்டை விண்கப்பலில் ஏற்றிப் போவார்கள். இந்த வகைப் படங்களில் எனக்கு அதுதான் பிடிக்கும். வேடிக்கை காட்டுவதற்காகக் கொண்டுபோகவில்லை, பூமிக்கே அவற்றின் பாட்டு தேவைப்படுகிறது. ஆனால் ஒரு ஜோடியின் பிள்ளைகள் எல்லாம் கூடப்பிறந்தவர்கள். அடுத்த தலைமுறைக்கு அவர்களுக்குள்ளேயே சேர வேண்டும், நோஞ்சான்களாகத்தான் போகும். மங்கோலியாவின் பிரஸ்வால்ஸ்கி குதிரைகள் இன்று இருப்பவை எல்லாமே சுமார் ஒரு டஜன் குதிரைகளின் வம்சம். ஒரு டஜனே போதவில்லை என்றுதான், 1980இல் சான் டியாகோவில் உறையவைத்த ஓர் ஆண் குதிரையின் செல்லிலிருந்து 2020இல் ஒரு குட்டியைக் குளோன் செய்தார்கள். நாற்பது வருஷம் தாண்டி வந்த குதிரை! டைம் மெஷின் என்று நான் ஒப்புக்கொள்வது அந்த உறைபெட்டியைத்தான்.

கே: பனியுகத்தோடு அழிந்த டைர் ஓநாயைக் கொண்டுவந்துவிட்டதாக 2025இல் செய்தி வந்ததே?

ப: கொலோசல் என்ற அமெரிக்க கம்பெனி அறிவித்தது. சாம்பல் ஓநாயின் 14 ஜீன்களில் 20 இடங்களைத் திருத்திப் பிறக்கவைத்த குட்டிகள் அவை. என்னைக் கேட்டால் அது வேஷம் கட்டிய சாம்பல் ஓநாய். வேஷம் பிரமாதம், அதை மறுக்கவில்லை.

கே: டைம் மெஷினில் பின்னால் போனால் பூமி அங்கே இருக்காதே?

ப: இருக்காதுதான். பூமி சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஒரு மணி நேரம் பின்னால் போனாலே ஒரு லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். எழுத்தாளர்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

கே: ஐயா, நான் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பனியுகத்திலிருந்து மேமத் (சடைமுடி யானை) குட்டி ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். எங்கே தப்பு வரும்?

ப: முதலில், அவ்வளவு தூரம் போகவே வேண்டாம் அம்மா. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் ரேங்கல் தீவில் சுமார் 4,000 வருஷம் முன்புவரை மேமத் இருந்தது. எகிப்தில் பெரிய பிரமிடு அதற்கு முன்பே கட்டி முடிந்தாயிற்று.

அடுத்தது, குட்டியை மட்டும் தூக்காதீர்கள். மேமத்துக்கு ஆப்பிரிக்க யானையைவிட நம் ஆசிய யானைதான் நெருங்கிய உறவு, அதனால் யானையை வைத்தே யோசிக்கலாம். யானைக்குட்டி துதிக்கையைச் சரியாகப் பயன்படுத்தவே மாதக்கணக்கில் பழக வேண்டும். எதைத் தின்னலாம், தண்ணீர் எங்கே என்பதெல்லாம் அம்மாவும் பெரியம்மாவும் பாட்டியும் காட்டித்தான் தெரியும். பிறந்த புதிதில் தாயின் சாணியைக்கூடத் தின்னும். புல்லைச் செரிக்கவைக்கும் கிருமிகள் அப்படித்தான் குடலுக்குப் போய்ச்சேரும். உங்கள் கதாநாயகி குட்டியோடு ஒரு கூடை மேமத் சாணியையும் அள்ளி வரட்டும். அந்தக் காட்சியை எழுதினால் எனக்குக் கட்டாயம் அனுப்புங்கள்.

கே: கடைசிக் கேள்வி. டைம் மெஷின் உங்கள் கையில் கிடைத்தால் எதைக் கொண்டுவருவீர்கள்?

ப: 1980களின் பிரனீஸ் மலைக்குப் போவேன். கிடாக்கள் இருந்த காலம் அது. நாலைந்து கிடாக்களைப் பிடித்து, ஒவ்வொன்றின் காதோரத்திலும் துளித் தோல் எடுத்து, நைட்ரஜன் குடுவையில் போட்டு மூடி, ஆடுகளை அங்கேயே விட்டுவிட்டு வருவேன்.