எச்-இண்டெக்ஸ் ஏழு என்றால் குறைவா?

பாளையங்கோட்டையில் 31 வருடம் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா, வாசகர்களின் படிப்பு சம்பந்தமான கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: இம்பாக்ட் ஃபேக்டர் அதிகமுள்ள இதழில் வந்துவிட்டால் அந்தக் கட்டுரை நல்ல கட்டுரைதானே?
– உளவியல் மாணவி, அம்பாசமுத்திரம்

அது இதழுக்கான எண், கட்டுரைக்கானது இல்லை அம்மா. முந்தைய 2 ஆண்டுகளில் அந்த இதழில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டு மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். வகுப்புச் சராசரியை வைத்து உன் மதிப்பெண்ணைச் சொல்ல முடியாது. கட்டுரையை எடுத்துப் படி.

கேள்வி: வணக்கம் டீச்சரம்மா. எங்கள் வீட்டில் பாய் நெசவு. மகள் வெளிநாட்டில் மூளை ஆராய்ச்சி செய்கிறாள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா போனில், ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள் கணக்கையும் காட்டும் கூகுள் ஸ்காலரைத் திறந்து, “9 பேப்பர்தானா? எச்-இண்டெக்ஸ் 7தானா? நான் 80 பேப்பர் போட்டவன்” என்றார். அவர் வேதியியல் பேராசிரியர். மகள் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பேப்பருக்கும் எதிரே மேற்கோள் எண்ணிக்கை 64, 31, 18, 12, 9, 8, 7, 3, 0 என்று இருக்கிறது. இது குறைவா?
– பெயர் வெளியிட வேண்டாம், பத்தமடை

அண்ணாச்சி, நீங்கள் எண்களை வரிசையாக எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. மேலிருந்து எண்ணுங்கள். ஏழாவது கட்டுரைக்கு 7 மேற்கோள் இருக்கிறது, எட்டாவதுக்கு 3தான். குறைந்தது 7 மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் 7 இருக்கின்றன, அதனால் எச்-இண்டெக்ஸ் 7. இந்தக் கணக்கை 2005இல் சொன்னவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். வருடம் போகப் போக இது ஏறுமே தவிர இறங்காது. துறைக்குத் துறை மாறும் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். முப்பது வருடம் வேதியியலில் இருந்தவரையும் நேற்று பிஎச்.டி. முடித்த மூளை ஆய்வாளரையும் இதை வைத்து ஒப்பிடுவது முறையே இல்லை.

இன்னொன்று பாருங்கள். அந்த 64 நாளைக்கு 640 ஆனாலும் எச்-இண்டெக்ஸ் 7ஆகவேதான் நிற்கும். நினைவு, கவனம் போன்றவை மூளையில் எப்படி நடக்கின்றன என்று பார்க்கும் அறிவாற்றல் நரம்பியலில் இதைக் கவனிக்கவேண்டும். 1957இல் ஸ்கோவில் என்ற மூளை அறுவை மருத்துவரும் மில்னர் என்ற உளவியலாளரும் எழுதிய ஒரே கட்டுரை, முக்கியமாக மூளை அறுவைக்குப் பிறகு புதிதாக எதையும் மனத்தில் நிறுத்த முடியாமல் போன ஒருவரைப் பற்றியது. நினைவு பற்றிய ஆராய்ச்சியே அதிலிருந்துதான் திசை திரும்பியது. ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் 1935இல் ஒரு சோதனை செய்தார்: ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அப்புறம் அவர் விவிலியம் கற்பிக்கப் போய்விட்டார். அந்த ஒரு கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இவர்களை எந்த எண்ணிக்கையில் அடக்குவது?

மூளைப் படம் எடுக்கும் ஆராய்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். ஸ்கேன் இயந்திரத்துக்கு நேரம் வாங்கவேண்டும். ஒவ்வொருவராக வரவழைத்துப் படுக்கவைக்கவேண்டும். சிலர் தலையை அசைத்துவிட்டால் அந்தத் தரவு போச்சு. நாலு பேரை வைத்துச் சீக்கிரம் முடித்தால் முடிவை நம்ப முடியாது. நரம்பியல் ஆய்வுகள் பலவற்றில் ஆட்களின் எண்ணிக்கை போதவில்லை என்று 2013இல் பெரிய விவாதமே நடந்தது. கோரையை மயிரிழையாகக் கிழித்து நெய்கிற பட்டுப்பாய்க்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டாம்.

சரி, எண்ணைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது? மகளிடம் மூன்று கேளுங்கள். 64 வாங்கிய கட்டுரையில் அவள் பெயர் முதலில் இருக்கிறதா? இந்தத் துறையில் வேலையை முன்னின்று செய்தவர் பெரும்பாலும் முதலில் வருவார், ஆய்வகத் தலைவர் கடைசியில். அந்த 64 பேர் அவள் முறையை எடுத்துப் பயன்படுத்தினார்களா, மறுத்தார்களா, சும்மா பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டார்களா? மூன்றாவது, அவளுடைய எல்லாக் கட்டுரையும் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா?

மூன்றாவதை நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே இனிஷியல் போட்டு ஒரு கட்டுரை, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதிய பிறகு இன்னொன்று என்று இரண்டு ஆளாகிவிடுவார்கள். காந்திமதி, இசக்கியம்மாள் என்று பெயருள்ள எத்தனையோ பேருக்கு நூலகத்தில் உட்கார்ந்து இதைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் அடையாள எண்ணான ஆர்கிட் 2012இல் வந்தது; அந்த எண்ணை எடுத்து எல்லாவற்றையும் அதில் இணைக்கச் சொல்லுங்கள், செலவில்லை.

மேற்கோள் காட்டுகிறவர்கள் கடைசிப் பெயரைத்தான் எழுதுவார்கள். அவள் பாஸ்போர்ட்டில் கடைசியில் இருப்பது உங்கள் பெயராக இருந்தால், முன்பின் தெரியாத ஊர்களில் அந்த 64 பேரும் எழுதியிருப்பது உங்கள் பெயரைத்தான் அண்ணாச்சி. அந்தக் கட்டுரையை அச்செடுத்து ஒரு பிரதி அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.