ஓடும் எஞ்சினில் சாவியை மறுபடி திருப்பிவிட்டால்

எஞ்சின் அணைந்துவிட்டது என்று நினைத்து சாவியைத் திருப்பினீர்கள், கர்ரென்று சத்தம், உடனே கையை எடுத்துவிட்டீர்கள். ஒரே ஒரு முறை, அதுவும் அரை நொடி என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது, பயப்படாதீர்கள்.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம், அதாவது பினியன், முன்னே வந்து ஃப்ளைவீலைச் (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) சுற்றியுள்ள ரிங் கியர் என்ற பல்வளையத்தைப் பிடித்துத்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலிலேயே அந்த ரிங் கியர் நிமிடத்துக்கு 700, 800 சுற்று ஓடுவதால் பினியனால் அதற்குள் நுழைய முடியாமல் பல்லோடு பல் உரசும், நீங்கள் கேட்டது அதுதான். தப்பித்தவறி பிடித்துக்கொண்டாலும் ஒருவழி கிளட்ச் ஒன்று பினியனைத் தனியே சுழலவிட்டு மோட்டாரைக் காப்பாற்றிவிடும்.

இதுவே அடிக்கடி நடந்தால் பல் முனைகள் தேய்ந்து உடையும். ஸ்டார்ட்டரை மாற்றுவது பெரும்பாலும் சுலபம், ஆனால் ரிங் கியர் என்றால் பொதுவாக கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், கூலியே பெரிதாகிவிடும்.

அடுத்த சில நாள் ஸ்டார்ட் செய்யும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வழக்கமான சத்தம் என்றால் விட்டுவிடலாம். கரகரவென்று அரைத்தாலோ, எஞ்சின் சுழலாமல் மோட்டார் மட்டும் விர்ரென்று ஓடினாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அப்புறம், சாவியை விட்ட பிறகும் ஸ்டார்ட்டர் கீச்சிட்டுக்கொண்டே இருந்தால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான சோலனாய்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம், எஞ்சினை உடனே அணையுங்கள், அப்போதும் நிற்கவில்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.

சந்தேகம் வந்தால் சாவியைத் தொடுவதற்கு முன் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள்.