வரைவதற்குள் பூக்காரம்மா எழுந்து போய்விடுகிறார்!

கேள்வி: எனக்கு 46 வயது. மதுரையில் ஒரு வங்கியில் வேலை. சின்ன வயதில் விட்ட ஓவியத்தை இப்போது திரும்ப எடுத்திருக்கிறேன். தெருவில் உட்கார்ந்து, கண்முன் நடப்பதை வரைய வேண்டும் என்று ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்குத்தூண் பக்கம் போய் உட்கார்ந்தேன். பாதி வரைவதற்குள் பூக்காரம்மா எழுந்து போய்விட்டார். சுற்றிலும் கூட்டம் வேறு. தள்ளுவண்டிக்காரர் ஒருவர், "கார்ப்பரேஷன்ல இருந்து வர்றீங்களாம்மா? கடையை எடுக்கச் சொல்வாங்களா?" என்று பதறிக்கொண்டு கேட்டார். கூசிப்போய் வந்துவிட்டேன். "போட்டோ எடுத்துட்டு வந்து வீட்டுல ஃபேனைப் போட்டுக்கிட்டு வரைய வேண்டியதுதானே" என்கிறார் கணவர். அது தவறா? மார்கழியும் பொங்கலும் வருகின்றன. இந்த முறையாவது நேரில் வரைந்துவிட வேண்டும். என்ன பேனா வாங்கலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: தவறே இல்லை. போட்டோ பார்த்து வரைந்து கை பழகியவர்கள் ஏராளம். ஆனால் உங்கள் ஆசை வேறு. சியாட்டிலில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் காம்பனாரியோ 2007-ல் இணையத்தில் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்ச்சர்ஸ்' என்ற ஓவியர் குழு இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அந்த இடத்திலேயே இருந்து, நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய முதல் விதி. நமக்கும் இது புதிதல்ல. ஆனந்த விகடனுக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் சிலைகளுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவர்தான். என்ன, அவருக்கு ஒரு சௌகரியம். சிலைகள் பாதியில் எழுந்து போகாது.

போட்டோவில் எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். பூக்காரம்மாவின் கையும், பின்னால் தொங்கும் கேபிள் வயரும், ஜவுளிக்கடை போர்டும் அதில் ஒரே தெளிவாக இருக்கும். வீட்டுக்கு வந்து மூன்றையும் ஒரே சிரத்தையோடு காப்பி அடிப்போம். தெருவில் அதற்கு நேரமில்லை. எது வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். போதாததற்கு, உங்கள் ஊரில் கேமராவை நம்ப முடியாத இடமும் இருக்கிறது. 2018 தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனே கொண்டுபோக முடியாது. (நோட்டோடு உள்ளே போவதாக இருந்தாலும் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.)

சரி, ஆட்கள் நகர்கிறார்கள் என்ற பிரச்சினைக்கு வருவோம். அசையாமல் இருக்கும் ஆளைத் தேடாதீர்கள், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் ஆளைத் தேடுங்கள். பூக்கட்டும் கை நிற்பதே இல்லை. ஆனால் பூவை வைத்து, நாரைச் சுற்றி, இழுத்து முடிச்சுப் போடும் அந்த மூன்று நிலைகளும் சில நொடிகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கை அங்கே வரும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். டீ மாஸ்டர், இஸ்திரி போடுபவர், ஜிகர்தண்டா கலக்குபவர் எல்லோரும் இப்படித்தான் கிடைப்பார்கள். அந்தம்மா எழுந்து போனால் என்ன? அடுத்தவர் வந்து அதே முக்காலியில் உட்காருவார், அவருடைய முழங்காலை வைத்து முடித்துக்கொள்ளலாம். தெரு ஓவியங்களில் இருக்கும் பல பேர் உண்மையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தவர்கள்தான்.

கூட்டத்தை வரைய ஒரு வழி இருக்கிறது. நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், சமதளத் தெருவில் எதிரே நிற்கும் பெரியவர்களின் தலைகள் ஏறக்குறைய ஒரே வரியில் விழும். பக்கத்தில் நிற்பவர் தலையும் கோடியில் நிற்பவர் தலையும் அதே மட்டம், பாதம்தான் மேலே ஏறிக்கொண்டே போகும். அதனால் முதலில் லேசாக ஒரு படுக்கைக் கோடு போட்டு, அதில் தலைகளைப் புள்ளி புள்ளியாக வைத்துவிடுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அந்தக் கோடு நிற்பவர்களின் இடுப்பு, மார்புப் பக்கம் இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் தலை உயரமாகவும் தூரத்தில் இருப்பவர் தலை தாழ்ந்தும் தெரியும். இது பிடிபட்டுவிட்டால் மாசி வீதி நெரிசல்கூட சில நிமிட வேலை.

மார்கழிக் கோலத்துக்கு வரிசை முக்கியம். பெரும்பாலோர் கோலத்தில் ஆரம்பித்து, நிமிர்ந்து பார்க்கும்போது அந்தப் பெண் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பார். அவரை முதலில் வரையுங்கள். குனிந்த முதுகு, ஒரு கையில் கோலமாவுக் கிண்ணம், இன்னொரு கை தரையில், அவ்வளவு போதும். கோலம் எங்கேயும் போகாது. சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூவும் வெயில் ஏறும்வரை உங்களுக்காகக் காத்திருக்கும். விடிவதற்கு முன்னால் வெளியே போவதென்றால் துணைக்கு ஆள் வேண்டும். ஃபேன் யோசனை சொன்னவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

தள்ளுவண்டிக்காரர் கேட்டதை நினைத்துக் கூச வேண்டாம். நோட்டுப் புத்தகத்தோடு நின்று ஒருவர் கடையையே பார்த்துப் பார்த்து எழுதினால் அந்த மனிதருக்கு வேறு என்ன தோன்றும்? அவர் பயம் நியாயமானது. முதலில் ஏதாவது வாங்குங்கள், "படம் வரையப் போறேன்ணே, பரவாயில்லையா?" என்று கேளுங்கள், முதல் கோடுகள் விழுந்ததும் நோட்டைத் திருப்பிக் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு கூட்டத்தை விலக்கிவிடுவதும் அவராகத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த கடை. முதுகைச் சுவரோடு ஒட்டி உட்காருங்கள், பின்னால் வந்து எட்டிப் பார்ப்பவர்கள் பாதியாகக் குறைவார்கள். டீக்கடை பெஞ்சு இன்னும் நல்லது. ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் கூச்சப்பட நேரமும் இருக்காது.

திருவிழாக்களில் எடுத்த எடுப்பிலேயே அழகர் ஆற்றில் இறங்குவதற்கோ அலங்காநல்லூருக்கோ போகாதீர்கள். அங்கே நோட்டைத் திறக்கவே இடம் கிடைக்காது. பொங்கலுக்கு முந்தைய நாட்களில் சுவரோரம் சாத்தி வைத்த கரும்புக் கட்டுகள், மஞ்சள் கொத்து, பேரம் பேசும் கைகள், இதில் ஆரம்பியுங்கள். அப்புறம் தைப்பூசத்துக்கு வண்டியூர் தெப்பக்குளம். புதிதாக வரைபவருக்கு அதைவிடத் தோதான திருவிழா உங்கள் ஊரில் இல்லை என்பேன். கரையில் இருப்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மெதுவாக மைய மண்டபத்தைச் சுற்றி வரும். வழக்கமாகக் காலையில் இரண்டு சுற்று, மாலையில் ஒன்று. முதல் சுற்றில் மண்டபத்தையும் படிக்கட்டையும் போட்டு வைத்து, இரண்டாவது சுற்றில் தெப்பத்தை அதற்குள் கொண்டுவந்துவிடலாம். சித்திரைத் தேரைத் துணிந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம். அது ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதிகளில் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாகப் பேனா. விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம், வாட்டர்ப்ரூஃப் இங்க் இருந்தால் போதும். சாதாரண இங்க் பேனாக் கோட்டின் மேல் வாட்டர்கலர் பட்டால் கரைந்து ஊதாக் குளமாகிவிடும். கடையிலேயே ஒரு கோடு கிழித்து, ஒரு நிமிடம் விட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். நோட்டு ஏ5 அளவு, கைப்பைக்குள் போகிற மாதிரி. வண்ணம் போடுவதாக இருந்தால் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் வாங்குங்கள், மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். மார்கழிப் பனியில் வண்ணம் சீக்கிரம் காயாது, அவசரப்பட்டு நோட்டை மூடினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அதனால் தெருவில் கோடு மட்டும் போட்டு, எந்த இடத்தில் என்ன நிறம் என்று பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்ணத்தை வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போடலாம்.