கெண்டைக்காலைக் கடைசி வரியிலா எழுதுவது?

கேள்வி: வயது 63. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு காசிமேட்டில். புற்றுநோய்க்காக புராஸ்டேட் சுரப்பியை ஆபரேஷன் செய்து எடுத்து 24 நாள் ஆகிறது. பத்தாம் நாள் சிறுநீர் டியூபை எடுத்தார்கள். அன்றிலிருந்து இருமினாலும் எழுந்தாலும் சிறுநீர் கசிகிறது. பகலில் நாலு பேட் ஆகிறது, இரவில் நனைவதில்லை. கசிகிறதென்று தண்ணீரை இரண்டு டம்ளராகக் குறைத்துவிட்டேன். பழைய புராஸ்டேட் மாத்திரை மிச்சம் இருந்ததால் போடுகிறேன். வீட்டில் படி இறங்க விடுவதில்லை, நாள் முழுக்க நாற்காலிதான். மனசு கேட்காமல் 12ஆம் நாளே நானாகப் போய் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பார்த்தேன். 0.7 வந்தது. ஆபரேஷனுக்கு முன் 11 இருந்தது. 0.2ஐத் தாண்டினாலே நோய் திரும்பிவிட்டது என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கத்தி பட்டதால் பரவிவிட்டதா? விதைப்பை வேறு நீலம் பாரித்திருக்கிறது. இனி தாம்பத்தியம் அவ்வளவுதானா? நாலு நாளாக இடது கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கி வலிக்கிறது, தைலம் போட்டு உருவிவிடுகிறார்கள். இனி தாம்பத்தியம் அவ்வளவுதானா?

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே போன் செய்து, உருவுவதை நிறுத்திவிட்டு உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது, கால் வீக்கத்தைக் கடைசி வரியில் எழுதும் மற்றவர்களுக்காக.

அடிவயிற்றில் பெரிய ஆபரேஷன், அதுவும் புற்றுநோய்க்கு, அதற்குப் பிறகு நாள் முழுக்க ஒரே நாற்காலி. காலின் ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறைய இந்த மூன்றும் போதும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வரும் என்றில்லை. வீடு திரும்பி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் பலருக்கு வருகிறது. இரண்டு காலும் ஒன்றுபோல லேசாக வீங்கினால் எனக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை கனத்து வலித்தால் அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தாக வேண்டும். ஊசி கிடையாது, கொஞ்ச நேர வேலை. உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் உருவாதீர்கள் என்று அப்படிக் கத்தினேன். திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ஆட்டோ தேடி நிற்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

அவசரப் பிரிவில் 'கால் வலி' என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். 'புற்றுநோய் ஆபரேஷன் ஆகி 24 நாள், ஒரு கால் வீக்கம்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால் அந்த இடத்தில் நிணநீர் தேங்கி ரத்தக் குழாயை அழுத்துவதும் உண்டு, அதையும் ஸ்கேனில் பார்ப்பார்கள். உறைவுதான் என்றால் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தருவார்கள், குறைந்தது மூன்று மாதம். பயப்பட வேண்டாம். தாமதம்தான் ஆபத்து.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. 'ஆபரேஷன் ஆன உடம்பு' என்று மனிதரைப் படி இறங்க விடாமல் வைத்திருக்கிறீர்களாம். காலுக்கு மருத்துவர் பச்சைக்கொடி காட்டியதும் தினமும் தெருவில் நடக்க விடுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவது மட்டும் ஆறு வாரத்துக்கு வேண்டாம்.

சரி, உங்களைத் தூங்கவிடாத அந்த 0.7. பி.எஸ்.ஏ. என்ற புரதத்தைச் சுரப்பது புராஸ்டேட். சுரப்பியை எடுத்த நொடியில் ரத்தத்தில் இருப்பது மாயமாகாது, ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒருமுறை பாதியாகும். உங்கள் 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் ஐந்தரை, ஆறாம் நாள் இரண்டே முக்கால், ஒன்பதாம் நாள் ஒன்றரைக்குக் கொஞ்சம் கீழே, பன்னிரண்டாம் நாள் 0.7. கணக்கு அப்படியே பொருந்துகிறது! நோய் திரும்பியதாக அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. நீங்கள் பார்த்த 0.2 கணக்கு, அளவு முழுக்க இறங்கிய பிறகு மறுபடி ஏறுகிறவர்களுக்கு. அதையும் இரண்டு முறை பார்த்துத்தான் முடிவு செய்வோம். ஆறு வாரம் முடிந்த பிறகு, உங்கள் மருத்துவர் சொல்லும் நாளில் பாருங்கள். அப்போது 0.1க்குக் கீழே இருக்க வேண்டும். அதுவரை எந்த லேப் வாசலையும் மிதிக்காதீர்கள். அதைவிட, எடுத்த சுரப்பியின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஓரங்களில் புற்று இருக்கிறதா இல்லையா என்று கேளுங்கள். உங்கள் நோயைப் பற்றி இப்போதைக்கு அதிகம் சொல்வது அதுதான்.

கத்தி பட்டுப் பரவுவதெல்லாம் இல்லை. விதைப்பை நீலம், கீழே இறங்கிய ரத்தக் கன்றல், தானாக மறையும்.

கசிவுக்கும் புற்றுக்கும் சம்பந்தமில்லை. சிறுநீரைத் தடுத்து வைத்திருந்த இரண்டு வால்வுகளில் ஒன்று சுரப்பியோடு போய்விட்டது, மிச்சமிருக்கும் ஒன்று தனியாக வேலை கற்றுக்கொள்கிறது. இரவில் நனையாதது நல்ல அடையாளம். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் பெருமளவு சரியாகும், சிலருக்கு ஒரு வருடம் ஆகும். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். பத்து தடவை, தினமும் மூன்று வேளை. எழும் முன்பும் இருமும் முன்பும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள்.

கசிகிறதென்று தண்ணீரை இரண்டு டம்ளராகக் குறைத்திருக்கிறீர்கள், இந்த வெயிலில்! சிறுநீர் கெட்டிப்பட்டுச் சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டும். மலச்சிக்கல் வந்து முக்குவீர்கள், கசிவு இன்னும் கூடும். டீயைக் குறையுங்கள், தண்ணீரை அல்ல. அப்புறம், 'பழைய புராஸ்டேட் மாத்திரை மிச்சம் இருந்ததால் போடுகிறேன்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, டாம்சுலோசின். சுரப்பியே இல்லை, அதற்கு எதற்கு மாத்திரை? அது சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்தும் மருந்து. கசிகிறவர் அதையே விழுங்கினால் என்ன ஆகும்? உங்கள் மருத்துவர் எழுதித் தராத வரைக்கும் அதைத் தொடாதீர்கள்.

தாம்பத்தியம் பற்றி. சுரப்பியை ஒட்டி ஓடும் நரம்புகளைக் காப்பாற்றியிருந்தாலும் அவை அதிர்ந்துபோயிருக்கும். விறைப்பு திரும்ப ஒன்றரை இரண்டு வருடம்கூட ஆகலாம், முழுதாகத் திரும்பாமலும் போகலாம். உச்சநிலை வரும், விந்து வராது. நரம்பைக் காப்பாற்றினார்களா என்று அடுத்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் நேராகக் கேளுங்கள். விறைப்புக்கு மாத்திரை, ஊசி, பம்ப் என்று வழிகள் இருக்கின்றன. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மட்டும் வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போடுகிறவருக்கு அந்த மாத்திரை சேர்ந்தால் ரத்த அழுத்தம் படுத்துவிடும்.