அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு நடந்தால் மேயர் பேட்டி கொடுக்கிறார். நாகர்கோவிலில் நடந்தால் நம்ம மேயர் என்ன செய்ய முடியும்?

நேரடியாகச் சொன்னால், பெரிதாக ஒன்றும் முடியாது. சிகாகோவில் காவல்துறைத் தலைவரையே மேயர்தான் நியமிக்கிறார். பழிக்குப் பழி என்று கிளம்பும் பையன்களைத் தடுத்துப் பேச, அதே தெருவில் வளர்ந்தவர்களை வேலைக்கு வைக்கும் திட்டங்களும் அங்கே உண்டு. அதனால் கேள்வி அவரிடம் போகிறது.

இங்கே போலீஸ் மாநில அரசின் கையில். துப்பாக்கி லைசென்ஸ் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி கலெக்டர் வழியாக வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு. தேர்தல் வந்தால் தாத்தா காலத்து இரட்டைக்குழலைத் துணியில் சுற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், ஒப்படைத்து ரசீது வாங்குவார்கள். தேர்தல் முடிந்து அதே ரசீதைக் காட்டித்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

ஆனால் சிக்கல் லைசென்ஸ் துப்பாக்கியில் இல்லை. 2020 ஜனவரி 8 இரவு, கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றவாளிகள் எனத் தேடப்பட்டவர்கள் பிடிபட்டது கர்நாடகத்தின் உடுப்பியில். துப்பாக்கி கிடைத்தது எர்ணாகுளத்தில், ஒரு சாக்கடையில். வழக்கு மத்திய அரசின் தேசியப் புலனாய்வு முகமைக்கு (என்.ஐ.ஏ.) போனது. மூன்று மாநிலம் தாண்டிய இந்த விவகாரத்தில் எந்த மாநகராட்சி என்ன செய்துவிடும்?

மாநகராட்சியால் ஆகக்கூடியது தெருவிளக்கும், போலீஸோடு சேர்ந்து கேமராவும். சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். களியக்காவிளை வழக்கில் ஆட்களை அடையாளம் காட்டியதில் சிசிடிவி காட்சிக்கும் பங்கு உண்டு.