காவல்துறையைக் கண்காணிக்கும் சட்டப் பணிக்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நான் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆர்ப்பாட்டங்களில் காவல்துறை நடந்துகொள்ளும் விதத்தைச் சுயேச்சையாக விசாரிக்கும் அமைப்பு ஒன்றில் வழக்கறிஞராகப் பணியாற்ற விரும்புகிறேன். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதற்கு எப்படித் தயாராவது? துணைக் காவல்படையில் இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா, "போலிசைக் குறை சொல்வதற்கென்றே ஒரு வேலையா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
- வாசகி, ஈசூன்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பதவி சிங்கப்பூரில் இல்லை. 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, இங்கே ஒரு நோக்கத்தை ஆதரித்தோ எதிர்த்தோ பொது இடத்தில் கூடுவதற்கும் ஊர்வலம் போவதற்கும் அனுமதி வேண்டும். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனைக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. காவலர்கள் மீதான புகார்களைக் காவல்துறையின் உள்விவகாரப் பிரிவு விசாரிக்கிறது. லஞ்சம் என்றால் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு. காவலில் மரணம் நேர்ந்தால் மரண விசாரணை அதிகாரி. ஆர்ப்பாட்டங்களே அரிதான நாட்டில் அவற்றுக்கென்று தனி ஆணையத்தை இப்போதைக்கு எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்தப் பணிக்கு வேண்டிய திறமையை இங்கேயே கற்றுக்கொள்ளலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தத் திறமை எத்தகையது என்பதை ஒரே ஒரு வழக்கைக் கொண்டு விளக்குகிறேன். லண்டனில் 2009 ஏப்ரல் 1ஆம் தேதி, ஜி20 மாநாட்டை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்தபோது, அதில் கலந்துகொள்ளாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்த இயன் டாம்லின்சன் என்னும் செய்தித்தாள் விற்பனையாளர் சாலையில் சரிந்து இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை மாரடைப்பு என்றது. சில நாள்களில் வழிப்போக்கர் ஒருவர் எடுத்த காணொளி வெளிவந்தது. கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டபடி முதுகைக் காட்டி நடந்தவரை ஒரு காவலர் தடியால் அடித்து, பின்னாலிருந்து தள்ளுவது அதில் தெரிந்தது. அடுத்து பரிசோதித்த மருத்துவர்கள் உள் ரத்தக்கசிவே காரணம் என்றார்கள். மருத்துவர்கள் முரண்பட்டதைக் காட்டி 2010இல் அரசு வழக்குத் துறை குற்றம் சாட்ட மறுத்தது. 2011இல் மரண விசாரணையின் நடுவர் குழு அது சட்டவிரோதக் கொலை என்று தீர்மானித்தது. அதன் பிறகே தொடுக்கப்பட்ட வழக்கில் 2012இல் அந்தக் காவலர் விடுதலையானார். அதே ஆண்டு ஒழுங்கு விசாரணையில் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

ஒரே தள்ளலுக்கு இத்தனை முடிவுகளா என்று சட்டம் படிக்காதவர்கள் எரிச்சலடைவார்கள். ஆனால் ஒவ்வொரு மன்றமும் கேட்ட கேள்வி வேறு. கேள்வி ஒன்றாகத் தெரியும் இடத்திலும் அதைத் தீர்மானித்தவர்களும் அவர்கள் முன் வைக்கப்பட்ட சான்றுகளும் வேறு. கண்காணிப்பு அமைப்பின் வழக்கறிஞர் நாளெல்லாம் செய்வது இதைத்தான்: காணொளியில் பதிந்த நேரமும் காவல்துறையின் வானொலிப் பதிவு நேரமும் ஏன் நாற்பது விநாடி வேறுபடுகின்றன, தடியைப் பயன்படுத்த உத்தரவிட்டது யார், அந்த உத்தரவு முன்வரிசைக் காவலரின் காதுக்கு எட்டியதா என்றெல்லாம் பார்த்து, கிடைத்த சான்று எந்த மன்றத்தில் எந்த அளவுக்கு நிற்கும் என்று எடைபோடுவது. உணர்ச்சிகரமான உரை எழுதும் ஆசையில் இத்துறைக்கு வருகிறவர்கள் ஓராண்டுக்குள் சலித்துப்போவார்கள்.

உங்கள் அப்பாவின் கேள்விக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 2013 டிசம்பர் 8ஆம் தேதி நடந்த லிட்டில் இந்தியா கலவரம் ஆர்ப்பாட்டமன்று. ஆயினும் கூட்டத்தின் முன்னால் காவலர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது அதிலும் ஆராயப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பொதுமக்கள் முன்னிலையில் சாட்சிகளை விசாரித்தது. கூட்டம் சூழ்ந்த பேருந்தில் சிக்கியவர்களை மீட்ட முன்வரிசை அதிகாரிகளை அதன் அறிக்கை பாராட்டியது. மீட்புக்குப் பிறகு சிறப்புப் படை வந்து சேரும்வரை இன்னும் உறுதியாகச் செயல்பட்டிருக்கலாம் என்று குறையும் சொன்னது. பாராட்டும் குறையும் ஒரே அறிக்கையில் இடம்பெறுவதால்தான் இரண்டையும் நம்ப முடிகிறது. அங்கே சாட்சியங்களை முன்வைத்தவர்கள் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தின் வழக்கறிஞர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விருப்பத்துக்கு இங்கே மிக அருகில் இருப்பது அந்த வேலைதான்.

வெளிநாட்டு அமைப்புகளைப் பொறுத்தவரை, பெயர்ப் பலகையில் 'சுயேச்சை' என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதை உருவாக்கிய சட்டத்தைப் படித்து, தானே புலனாய்வு செய்யும் அதிகாரம் அதற்கு இருக்கிறதா, முடிவு யார் கையில் என்று பாருங்கள். வட அயர்லாந்தில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் காவல்துறைக் குறைகேள் அதிகாரியிடம் சொந்தப் புலனாய்வாளர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் அமைப்புக்கு, காவலராக ஒருநாளும் பணியாற்றாதவரே தலைமை இயக்குநராக முடியும். ஹாங்காங்கில், காவல்துறை தானே நடத்தும் புகார் விசாரணையை மேற்பார்வையிடுவதே அங்குள்ள காவல்துறைப் புகார் மன்றத்தின் வேலை. 2019 ஆர்ப்பாட்டங்களை ஆராய அது அழைத்த வெளிநாட்டு நிபுணர்கள், அதன் அதிகாரம் போதாது என்று கருதி அவ்வாண்டு டிசம்பரில் விலகிக்கொண்டார்கள். மலேசியாவில் 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய ஆணையம் பரிந்துரைதான் செய்யலாம், தண்டிக்க முடியாது. தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேர் உயிரிழந்த துப்பாக்கிச்சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அறிக்கை தர நான்கு ஆண்டுகள் ஆயின. காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை கோரிய அந்தப் பரிந்துரையும் அரசைக் கட்டுப்படுத்தாது. நம் வாசகர்கள் பலருக்கு நெருக்கமான அந்த அறிக்கையை நீங்கள் முழுதாகப் படிக்க வேண்டும் என்பேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சாட்சியச் சட்டம், குற்றவியல் நடைமுறை, நிர்வாகச் சட்டம் ஆகிய மூன்றிலும் தேர்ச்சி பெறுங்கள். மனித உரிமைப் பாடம் அதற்குப் பிறகு போதும். கூட்டம் கூடும் உரிமை பற்றி ஐநா மனித உரிமைக் குழு 2020இல் வெளியிட்ட 37ஆவது பொதுக் கருத்தையும், பலப்பிரயோகம் பற்றிய 1990ஆம் ஆண்டு ஐநா கோட்பாடுகளையும் விடுமுறையில் படித்துவிடலாம். மரண விசாரணை நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு இருக்கும்போதெல்லாம் போங்கள்.

வழக்கறிஞரானதும் சில ஆண்டுகள் குற்றவியல் வழக்குகளில் இருங்கள். வசதி குறைந்தவர்களுக்காக வாதாட 2022இல் அமைந்த அரசாங்கத் தற்காப்பு அலுவலகம் ஒரு வழி, அரசுத் தரப்பு இன்னொரு வழி. உங்கள் நோக்கத்துக்கு முரணாகத் தோன்றினாலும், அரசுத் தரப்பில் தொடங்குவதையே நான் விரும்புவேன். காவல்துறையின் விசாரணைக் கோப்பு எப்படி உருவாகிறது, எந்தப் பக்கம் பலவீனமாக இருக்கும் என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் விரைவில் பிடிபடும். முதுநிலைப் படிப்பைப் பட்டம் வாங்கிய கையோடு தொடங்காதீர்கள், மூன்று நான்கு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு போங்கள். இங்கிலாந்தில் வழக்கறிஞராக வேண்டுமானால் தனித் தேர்வு எழுத வேண்டியிருக்கும். ஆனால் இத்தகைய அமைப்புகளில் வழக்கறிஞர்களைவிடப் புலனாய்வாளர்களே அதிகம் என்பதால், புலனாய்வாளர் பணிக்கு விண்ணப்பிப்பதையும் தாழ்வாக நினைக்க வேண்டாம். விண்ணப்பிக்கும் முன் வேலை அனுமதி விதிகளை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.