வள்ளிக் கும்மிக்கு எந்த லென்ஸ்?

வணக்கம். பெருந்துறைப் பக்கம் இரவுத் திருவிழாவில் எடுத்த வள்ளிக் கும்மிப் படங்கள் கலங்கி வருகின்றன, நிக்கான் டி3500 கேமராவுடன் வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை மாற்றி 18-140 மி.மீ. வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது தூரத்தை நெருக்குமே தவிர வெளிச்சத்தைக் கூட்டாது.

உங்கள் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப்/5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு அகலும்). 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் ஒளியை உள்ளே விடும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் 1/20 நொடியில் எடுத்ததை ஏறத்தாழ 1/200 நொடியில் எடுக்கலாம். கைதட்டித் திரும்புகிறவரின் விரல்கள் தெளிவாக நிற்க அந்த வேகம் கட்டாயம் வேண்டும். நடுக்கக் குறைப்பை நம்பாதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத் தாங்கும், ஆடுகிறவரின் அசைவை அல்ல.

பழைய லென்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் ஏஎஃப்-எஸ் வகைதானா, அதாவது ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகை உங்கள் கேமராவில் தானாக ஃபோகஸ் ஆகாது.

பணம் கொடுப்பதற்கு முன் கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் தெரியட்டும், கலங்கிய முகத்துக்கு அது எவ்வளவோ மேல்.

18-55-ஐ விற்றுவிடாதீர்கள். கும்மி வட்டம் முழுவதும் வேண்டுமென்றால் அதை 18-இல் வையுங்கள், அங்கே எஃப்/3.5 கிடைக்கும்.